ஜெபிவோத்தின் இடது கால்

இட்டென் ஓட்டக்காரர்களின் ஊர். பொழுது விடிந்தால் சாலையின் இரண்டு ஓரத்திலும் ஆள்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓடி ஜெயித்து மாடி வீடு கட்டியவர்கள், இனிமேல்தான் ஜெயிக்கப் போகிறவர்கள், இவர்களைப் பார்த்து ஓடக் கற்றுக்கொள்ள வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. அந்த ஊர் மருத்துவமனையில் முட்டி வலி என்று போய் உட்கார்ந்தால் மருத்துவர் கேட்கிற முதல் கேள்வியே எத்தனை வருஷமாக ஓடுகிறீர்கள் என்பதுதான். ஜெபிவோத்திடமும் அதையே கேட்டார்.

"ஓடலை டாக்டர். உக்காந்தே இருந்தேன்," என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இட்டெனிலிருந்து மலை இறங்கி பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் பிரெத்வோ வரைக்கும் ஷேர் டாக்ஸி ஓட்டுவதாகவும், கிளட்ச் மிதித்தே கால் இப்படி ஆகிவிட்டதாகவும் அவள் சொன்னாள். அவர் இடது முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மிதிக்கிறதை நிறுத்துங்க. இல்லைன்னா நடக்கிறதை நிறுத்த வேண்டி வரும்," என்றார்.

ஊரே ஓடி முட்டியைக் கெடுத்துக்கொண்டால், தான் உட்கார்ந்தே கெடுத்துக்கொண்டோமே என்று வெளியே வந்து சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. வண்டி ஓட்டாத ஜெபிவோத் எப்படி இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் ஓட்டுநரான கதைக்குக் காரணம் கோபம். கல்யாணமான புதிதில் மாம்பழக் கூடையோடு மலையேறி விற்றுவிட்டு, திரும்பும்போது இட்டென் டாக்ஸி நிறுத்தத்தில் காத்துக் கிடப்பாள். வண்டி நிறைந்தால்தான் எடுப்பார்கள். நிறைவது என்றால் சாதாரணமாக அல்ல, கதவைத் தோளால் முட்டிச் சாத்துகிற அளவுக்கு. ஒருநாள் மழையில் வெகுநேரம் நின்று, ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்து வறுத்த சோளம் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, இந்த மூஞ்சியை நம்பி நிற்பதற்கு நானே ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்கிற ஆள் இல்லை. அந்தச் சோளக்காரன் பெயர் கிப்யேகோ. பிற்பாடு அதே நிறுத்தத்தில் அவனுக்கு அடுத்த இடத்தில் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அது ஒரு வெள்ளை ஸ்டேஷன் வேகன், கையால் கியர் போடுகிற வண்டி. கிளட்ச் கல்லைப்போல இருக்கும். கியர் தண்டின் தலையில் இருந்த எண்கள் அவள் உள்ளங்கையில் தேய்ந்து எப்போதோ அழிந்துவிட்டன. எண் யாருக்கு வேண்டும்? எந்த வளைவில் மூன்று, எந்த ஏற்றத்தில் இரண்டு என்று அவள் காதுக்குத் தெரியும். வண்டி உறுமுகிற உறுமலில் பாரம் எவ்வளவு, சரிவு எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மூன்றாம் கியரில் மலை இறங்கும்போது, பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து இழுப்பது போல வண்டி அடங்கி வரும். அந்தச் சுகத்தை அவள் புருஷன் கிபோரிடம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். கிபோர் தேனீ வளர்ப்பவன், வண்டி ஓட்டத் தெரியாதவன், ஆனாலும் பொறுமையாகக் கேட்பான்.

சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்கு கிபோர் பிரெத்வோ சாலையோரத்தில் வந்து நிற்பான். கதவைத் திறந்து இறங்குபவள் அப்படியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முட்டி மனது வைக்கிற வரைக்கும் ஓர் அடி எடுக்க முடியாது. கிபோர் ஒன்றும் கேட்காமல் வலது கையை மடக்கி நீட்டுவான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டுக்கு நடப்பாள்.

மருத்துவர் சொன்னதை அவள் சொன்னபோது கிபோர் யோசித்துவிட்டுச் சொன்னான். "கிளட்ச் இல்லாத வண்டி இருக்காமே. அதை வாங்கேன்."

"ஆட்டோமேட்டிக்கா? அது நைரோபி பொம்பளைங்க சிக்னல்ல நின்னு உதட்டுக்குச் சாயம் பூசுறதுக்குச் செஞ்ச வண்டி. அது இந்த மலையில நடுவுல நின்னு அழும்."

"நீ வீட்டுல உக்காந்தா என் தேனீக்களை அதட்டிக்கிட்டே இருப்ப. அதுங்க ஊரை விட்டே போயிரும். எனக்கு அந்தப் பயம்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் வீட்டில் உட்கார்வது என்ற வார்த்தை அவளை விடவில்லை. அடுத்த வாரமே பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, எல்டோரெட் வண்டிச் சந்தையில் ஓர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டாள்.

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த வண்டி அது. விற்றவன் வாய் ஓயவில்லை. "ஒரு டீச்சரம்மா பள்ளிக்கூடத்துக்குப் போக மட்டும் ஓட்டினதுக்கா. டயரைப் பாருங்க, எவ்ளோ கனம். மலைப் படமே போட்டிருக்கு. மலைக்குன்னே செஞ்சது." டயரின் பக்கவாட்டில் மெய்யாகவே ஒரு சின்ன மலையும் அதற்குள் ஒரு பூவும் அச்சடித்திருந்தது. ஜெபிவோத்துக்கு அது பிடித்துப்போயிற்று. கியர் பக்கத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளில் ஆர் பின்னால் போக, என் நியூட்ரல், டி முன்னால் போக என்று சொல்லிக்கொடுத்தான். கடைசியில் இருந்த எல் எழுத்தைக் கேட்டபோது, "அது சும்மா இருக்குக்கா, கண்டுக்காதீங்க," என்றான்.

சாவியைத் திருப்பினால் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். தினமும் வருகிற காய்கறிக்காரி தப்கிகென் அதற்கு, "நல்லா இருக்கேம்மா, நீ எப்படி இருக்க?" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

கிப்யேகோ விடுவானா. "என்னக்கா, உதட்டுச் சாயம் வாங்கியாச்சா?" என்றான். அவளுடைய சொல்லே ஊர் சுற்றி அவளிடமே வந்தது.

"உனக்கும் சேத்துத்தான் வாங்கியிருக்கேன். வாயை மூடிக்கிட்டு இருந்தா பூசி விடுறேன்."

பேச்சில் ஜெயித்தாலும் உள்ளுக்குள் கலக்கமாக இருந்தது. இந்த வண்டியில் கியர் மாறுவதே தெரியவில்லை. காலை வைத்து அழுத்தினால் முதலில் சத்தம் ஏறியது, வேகம் பிறகு யோசித்து யோசித்து வந்தது. கிணற்று மோட்டார் ஓடுவது போல ஒரே இரைச்சல். சரிவு என்ன, பாரம் என்ன என்று காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓட்டுகிற மாதிரியே இல்லை, யாரோ ஓட்ட இவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. டயரும் மெத்தென்று மிதந்தது. வண்டியை இட்டெனிலேயே வைத்துச் சமதரையில் நாலைந்து நாள் ஓட்டிப் பழகியும் வேலையற்றுக் கிடந்த இடது கால் மட்டும் அடிக்கடி துள்ளி எதையோ தேடியது.

மலையிறங்கிய முதல் நாள் மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தப்கிகென் முன்னால், பின்னால் மூன்று பேர், அதற்குப் பின்னால் தப்கிகெனின் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும். மலை உச்சி வளைவு வந்தது. அங்கே ஒரு பழக்கம் உண்டு. சாலை சரியத் தொடங்கும் இடத்தில் இட்டென் ஓட்டுநர்கள் எல்லாரும் வண்டியை நியூட்ரலில் தள்ளி, பெட்ரோல் செலவில்லாமல் உருட்டிவிடுவார்கள். வேகம் மிஞ்சினால் கிளட்சை மிதித்து மூன்றாம் கியரில் அறைந்து வண்டியை அடக்குவார்கள். எந்த இடத்தில் அறைவது என்பதில்தான் ஓட்டுநரின் கெட்டிக்காரத்தனம். ஜெபிவோத் அதில் பெயர் வாங்கியவள்.

அவள் நினைக்கவே இல்லை. கை தானாகப் போய் நியூட்ரலில் தள்ளியது. வண்டி சத்தமில்லாமல் உருண்டது. முதல் வளைவு சுகமாகத் திரும்பியது. இரண்டாவது வளைவுக்கு முன்னால் வேகம் மிஞ்சியது, வழக்கம்போல மூன்றாம் கியரைத் தேடி இடது கை போக, இத்தனை வருஷமும் கல்லை மிதித்துப் பழகிய இடது கால் முழு பலத்தோடு கிளட்சை மிதித்தது. கிளட்ச் இருந்தால்தானே. கால் விழுந்தது அகலமான பிரேக் மேல்.

எல்லாரும் முன்னால் போய் மோதினார்கள். ஈரச் சாலையில் டயர்கள் பிடிக்கவில்லை, குழைந்தன. வண்டியின் பின்புறம் சுழன்று முன்னால் வந்தது. கண்ணாடி முழுக்கப் பள்ளத்தாக்கு தெரிந்தது, அடியில் ஆறு தெரிந்தது. பிறகு ஓரத்தில் நட்டிருந்த வெள்ளைக் கல்லில் முன்சக்கரம் இடித்து வண்டி நின்றது.

பின்னாலிருந்து ஒரு முட்டைக்கோசு மெதுவாக உருண்டு வந்து ஜெபிவோத்தின் தோளைத் தொட்டது.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கோம்," என்றாள் தப்கிகென். "அந்த ஜப்பான்காரிதான் பேச்சைக் காணோம்."

பின்னால் வந்துகொண்டிருந்த கிப்யேகோ வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். முதலில் இலையோடு கிளைகளை ஒடித்துக்கொண்டுபோய், மேலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும்படி சாலையில் வரிசையாகப் போட்டான். திரும்பி வந்து சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"என்னக்கா இது, ரொட்டி மாதிரி அமுங்குது." பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தான். "யார் வித்தது உங்களுக்கு? எங்க மச்சான் ஓடப் போற ஊர்ல பனி கொட்டும். அங்க மாட்டுற டயர் இது."

"மலைப் படம் போட்டிருக்கே."

"மலையில இருக்கிறது பூ இல்லக்கா. பனி."

ஜெபிவோத் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். டயர்தான் காரணம் என்று அவன் நினைத்தது அவளுக்குப் பெரிய தயவாக இருந்தது. காரணம் தன் கால் என்று அவளுக்குத் தெரியும். டயரை மாற்றலாம். காலை என்ன செய்வது? சரி, அவ்வளவுதான், இனி தேனீக்களைத்தான் அதட்ட வேண்டும் என்று நினைத்துச் சாவியை எடுத்து கிப்யேகோவிடம் நீட்டினாள்.

"ஆளுங்களை உன் வண்டியில ஏத்திக்க. இதை அப்புறமா யாராவது கொண்டுவரட்டும். என் கால் இந்த வண்டிக்கு அடங்காது. நான்தான் பிரேக்கை மிதிச்சேன், கிளட்சுன்னு நெனச்சு."

கிப்யேகோ சிரிக்கப் போகிறான் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவன் காலால் மண்ணைத் தேய்த்தான். "எங்க மாமனார் வண்டியை ஒருநாள் எடுத்தேன். அதுவும் ஆட்டோமேட்டிக். இதேதான். மாமனார் பக்கத்துல உக்காந்திருந்தார். அதுக்கப்புறம் ஒரு வருஷம் எங்கிட்ட பேசலை."

தப்கிகென் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "நான் அவன் வண்டிக்கு வரமாட்டேன். இவளுக்கு ஒரு தடவை வழுக்கிச்சு. அவன் வண்டியில நான் ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைக்கிறேன். ஏய் ஜெபிவோத், கால் அடங்கலைன்னா கட்டிப்போடு. மாட்டையே கட்டிப்போடுறோம்." சொன்னதோடு இடுப்பில் கட்டியிருந்த பூப்போட்ட லெசோத் துணியை அவிழ்த்து நீட்டினாள்.

அப்போதுதான் ஜெபிவோத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் தலை தெளிந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தாள். மூன்றாம் கியரின் அந்தப் பிடி வேண்டும், வால் பிடித்து இழுக்கிற பிடி. கியர் தண்டின் பக்கத்தில் சும்மா இருப்பதாக விற்றவன் சொன்ன அந்த எல் எழுத்தைப் பார்த்தாள். டயரைப் பற்றிப் பொய் சொன்னவன் இதைப் பற்றி மட்டும் மெய்யா சொல்லியிருப்பான்?

வண்டியைப் பின்னால் தள்ளிச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். கிப்யேகோவே குனிந்து அவள் இடது காலை லெசோவால் இருக்கையின் அடிக்கம்பியோடு கட்டினான். "இறுக்கமா இருக்காக்கா?" என்றான். "மெதுவாப் போங்க. நான் முன்னால போறேன்."

தண்டை எல் எழுத்தில் போட்டு பிரேக்கை விட்டாள். வண்டி நகர்ந்தது, சரிவில் இறங்கியது, பிறகு உறுமியது. அவளுக்குத் தெரிந்த உறுமல். சரிவு கூடினால் உறுமலும் கூடியது, குறைந்தால் தணிந்தது. பிரேக்கைத் தொடாமலே வண்டி அடங்கி ஒடுங்கி இறங்கியது, ரொட்டி டயர்கூட ஒழுங்காகப் பின்னால் வந்தது. பாதி வழியில் இருக்கும் தம்பாச் ஊரைத் தாண்டுகிறவரை கட்டுண்ட கால் இரண்டு மூன்று முறை துள்ளிப் பார்த்தது. பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது. ஜெபிவோத்துக்கு நெஞ்சு லேசானது. இறைவா, பிழைத்தேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

"என்னடி?" என்றாள் தப்கிகென்.

"வண்டி பேசுதுக்கா."

"அவ நான் ஏறும்போதே பேசினாளே."

அந்த டயர்களை அந்த வாரமே கழற்றிவிட்டாள். கிபோர் அவற்றை அறுத்துச் செருப்பாக்கினான், அவ்வளவு மெத்தென்ற செருப்பை பிரெத்வோ பார்த்ததில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் பிரெத்வோவில் மற்றவர்கள் இறங்கிப் போன பின்பு, லெசோவை அவிழ்த்து தப்கிகெனிடம் கொடுத்துவிட்டு, ஜெபிவோத் கதவைத் திறந்து இறங்கினாள். வழக்கப்படி வண்டியைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். அது வரவில்லை.

எதிரே கிபோர் ஒன்றும் கேட்காமல் வலது கையை மடக்கி நீட்டியபடி நின்றிருந்தான். அவள் நேராக நடந்துபோய், தப்கிகென் கொடுத்திருந்த முட்டைக்கோசை அந்தக் கையில் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.