மயிலிட்டி மில்லில் கண்ட கூட்டம்

நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்குக் கோபமில்லை. போன வருஷம்வரைக்கும் இப்படி ஒரு கதை யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிற ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். மத்தியானத்தில் புளியமரத்தடியில் முனி நிற்கும் என்று வெருட்டினால், அதே மரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் போனில் கதைப்பவள் நான். கடை போட நினைக்கிறவர்களுக்கு, அந்தப் பக்கத்தில் அதே வியாபாரம் யார் யார் செய்கிறார்கள், சனம் எங்கே போகிறது என்று கணினி வரைபடத்தில் தேடி, நேரிலும் போய்ப் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். கொக்குவிலில் வீட்டிலிருந்தே செய்கிறேன். நான் சொன்ன இடம் இதுவரை பிழையாய்ப் போனதில்லை.

இந்த முறை தேடியது எங்களுக்காக. என் கணவர் சுவிசிலிருந்து வந்திருந்தார். மாவும் தூளும் அரைக்கிற மில் ஒன்று போடுவது, சரிவராவிட்டால் திரும்பிப் போவது என்பது அவருடைய முடிவு. எங்கள் மகளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஒருவர். அவர் வந்த நாள் கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டவள், இப்போது அவர் மடியை விட்டு இறங்குவதில்லை. அவளுக்காகவாவது நான் இடத்தில் பிழைவிடக் கூடாது.

மயிலிட்டிப் பக்கம் எனக்குப் பிடித்தது. சனம் திரும்பி வந்து குடியேறுகிறது, தூள் இடிக்க வெகுதூரம் போகிறது. வரைபடத்தில் தேடிப் பார்த்தால் அந்த வட்டாரத்திலேயே ஒரேயொரு மில்தான் காட்டியது. படமில்லை, யாரும் நல்லது கெட்டது எழுதவில்லை, வெறும் புள்ளி. போட்டிக்காரரை வேவு பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு, வாடிக்கையாளராகப் போய் வரிசையில் நிற்பதுதான். மிளகாயும் மல்லியும் வறுத்து வாளியில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் வெளிக்கிட்டேன்.

நம்பினால் நம்புங்கள், மில் இருந்தது. எஞ்சின் சத்தம் வீதிவரைக்கும் கேட்டது, முற்றம் முழுக்கச் சனம், வாளி, கடகம், தலையணை உறையில்கூட அரிசியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், உள்ளே மா புகையாகப் பறந்தது. ஒருவரும் தூள் அரைக்கவில்லை, எல்லோரும் அரிசிமாதான். இவ்வளவு வியாபாரமா என்று எனக்கு உள்ளுக்குள் குதூகலம். ஒருவர் கையிலும் போன் இல்லை என்பதையும் கவனித்தேன், கவனித்து, பழைய ஆட்கள் என்று விட்டுவிட்டேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான்!

எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். “பிள்ளை எங்கை போறதா யோசனை?”

“கொக்குவிலுக்கு, அக்கா. என்ரை வீடு அங்கைதான்.”

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். “அங்கையும் கனகாலம் இருக்கேலாது, பிள்ளை.”

என்ன கதை இது என்று நினைத்தேன். வரிசை நகர்கிற மாதிரி இல்லை, அரைக்காமலே திரும்பிவிட்டேன். வீட்டு வாசலில் என்னைக் கண்ட கணவர் அடக்கமாட்டாமல் தும்மினார். “என்ன, ஒரு நாளிலை நரைச்சுப்போட்டீர்?” என் தலை, கண்ணிமை எல்லாம் அரிசிமா.

அடுத்த நாள் இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே வளைவு, அதே கிணறு, மில் இல்லை. எஞ்சின் பூட்டுகிற சீமெந்துக் கட்டு மட்டும் கிடந்தது, துருப்பிடித்த ஆணிகளோடு, நடுவில் வேப்பங்கன்று ஒன்று இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. முன்வீட்டில் கிழிந்த மீன் வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம் இவர்தான் விசாரித்தார்.

“அண்ணை, இதிலை மில் இருந்ததோ?”

“ஓம், சண்டைக்கு முன்னம். தொண்ணூறிலை ஊர் இடம்பெயர்ந்த நாளிலைகூட ஓடினது. வழியிலை பிள்ளையளுக்குக் குடுக்க எண்டு, வீட்டிலை கிடந்த அரிசி எல்லாத்தையும் வறுத்துக்கொண்டு வந்து சனம் மா அரைச்சது. பிறகு ஆரும் இதிலை மில் போடேல்லை.”

ஆக, ஓடத் தயாராக நின்ற சனத்தைத்தான் நல்ல வியாபாரம் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இவருக்கு அந்தச் சீமெந்துக் கட்டின்மேலேயே மில்லைப் போட ஆசை வந்தது, நான் ஒரே பிடியாக மறுத்துவிட்டேன். சந்தியில் போட்டோம். இடம் பிழையாய்ப் போகவில்லை, மில் நன்றாக ஓடுகிறது, அவர் திரும்பிப் போகவில்லை. வரைபடத்தில் அந்தப் புள்ளியைப் பிறகு எத்தனையோ தரம் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. அதை யார் போட்டது, என் தலையில் மா எப்படி வந்தது, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

கொக்குவில் சனமும் பிறகு தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்ததுதானே, அந்தப் பெண் சொன்னது அதைத்தான், அது முடிந்த கதை என்கிறார் இவர். இருக்கலாம். ஆனால் எங்கள் மில்லில் சனம் கூடுகிற நாளில் அவர் சிரித்த முகமாக நிற்கிறார், நான் மகளையும் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வரிசையில் நிற்கிறவர்களிடம் ஒவ்வொருவராக, “என்ன விசேசம்?” என்று கேட்கிறேன். கலியாணம், செத்தவீட்டு அந்தியேட்டி என்று யாராவது சொல்லும்வரைக்கும் அவள் கையை நான் விடுவதில்லை.