சிலுவைமுத்து அறுத்த வலை

சிலுவைமுத்துவை நல்லவன் என்று தங்கச்சிமடத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு. பெங்களூர் டாக்டர் ஒருவரின் பாய்மரப் படகில் நாங்கள் இருவரும் சம்பளத்துக்கு இருக்கிறோம். பாயும் கயிறும் அவன் பொறுப்பு. இன்ஜின் இந்த சலாஹுதீன் பொறுப்பு. பஹ்ரைனில் பதினெட்டு வருஷம் டீசலில் ஊறிய கை இது.

ஒரு வருஷத்தில் மூன்று பேருடைய வலை அந்தப் படகின் புரொப்பல்லரில் சிக்கியது. மூன்றையும் சரசரவென்று அறுத்துவிட்டு வந்தவன் சிலுவைமுத்துதான். அடுத்தவன் வலையை அறுக்க நேர்ந்தால் முனைகளை முடிந்துவிட்டு, கரையேறியதும் உடையவனைத் தேடிப்போய்ச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். இவன் இரண்டும் செய்ததில்லை; கேட்டால், "வழியில போட்டா அறுபடத்தான் செய்யும் மச்சான். டாக்டர் நிக்கவுடணும்ல?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீயும் கடல்காரன்தானடா, தூ!" என்று ஒருநாள் துப்பியே விட்டேன். சிரித்தான்.

திட்டினாலும் மனசு கேட்காது. அவனுடைய மூத்தவன் ஆன்டனி ராஜ் வெளிநாட்டுப் படகுக்கு வேலைக்குப் போய் அங்கேயே செத்து, நாற்பத்தொரு நாள் கழித்துப் பெட்டியில் வந்து சேர்ந்தான். இளையவன் ஜோஸ்வாவும் பாஸ்போர்ட் எடுத்ததும் சிலுவைமுத்து கையைக் காலைப் பிடித்து, புதுசாக நண்டுவலை வாங்கிக் கொடுத்தான். "இந்த ஒரு சீசன் பாக்குறேன்யா. சரிவரலேன்னா போயிருவேன், தடுக்கக் கூடாது" என்று சொல்லித்தான் பையன் அந்த வலையைத் தொட்டான்.

போன பிப்ரவரியில் ஒரு விடியலில் குந்துகாலிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளம்பினோம். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ள, பாய் புடைத்துப் படகு நன்றாகத்தான் ஓடியது. எட்டரை மணிக்குக் காற்று செத்துப்போக, இன்ஜினைப் போட்டேன். சுக்கான் டாக்டர் கையில். அவருக்கு வழியில் தெரிந்த குட்டித் தீவைக் கிட்டத்தில் வீடியோ எடுக்க ஆசை. "உள்ள போகாதீக சார், நண்டுவலை கெடக்கும்" என்றான் சிலுவைமுத்து. அவர் தலையை ஆட்டிக்கொண்டே திருப்பினார்.

படகு உலுக்கி நின்றது. பின்கியர் போடாதீர்கள் என்று நான் கத்துவதற்குள் போட்டுவிட்டார், பாவி மனுஷன்! அடியில் கிடந்த வலையெல்லாம் சுருண்டு ஏறியது. அதோடு இழுபட்டு, வலைக்கு மிதவையாகக் கட்டியிருந்த ஒரு மஞ்சள் கேன் படகோரம் வந்தது. பச்சை பெயின்ட்டில் 'ஜோ' என்று எழுதியிருந்தது. யா அல்லாஹ்!

"சார், இது எம் மவன் வலை. ரெண்டு மணி நேரம் குடுங்க, அவுத்துருவேன்."

"பொழுதுசாயத் தூத்துக்குடி போகணும். எப்பவும் போல அறுத்துடுப்பா" என்றார் டாக்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இவன் மற்றவர்கள் வலையைக் கண்ணிமைக்காமல் அறுத்ததை மூன்று தடவை பார்த்தவர்தானே!

"அறுக்காதடா" என்றேன் நான். அவன் கத்தியோடு குதித்தான். மூழ்குவதும் மூச்சுக்கு மேலே வருவதுமாக, வெட்டாமல் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். விரலெல்லாம் ரத்தம். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வாட்சைத் தட்டிக் காட்டினார். அப்புறம்தான் அறுத்தான். பந்து பந்தாக வந்ததை நான் மேலே இழுத்துப் போட்டேன். வலை என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா ஜோஸ்வா வலை எடுக்க வரவேண்டும்! ஃபைபர் போட்டில் கேனைத் தேடி வந்தவன், தண்ணீரில் கத்தியும் கையுமாகக் கிடந்த அப்பனைப் பார்த்தான். டாக்டர் சாரி சொல்லிப் பணத்தை நீட்டினார். பையன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏலே, ஒரு வாரம் குடுலே. ராப்பகலா உக்காந்து கிழிஞ்சதெல்லாம் நான் பொத்தித் தாரேன்" என்றான் சிலுவைமுத்து. குரல் அழுதது.

ஜோஸ்வா என்னைப் பார்த்தான். "மாமா, ஒங்க பஹ்ரைன் ஏஜென்ட் நம்பர் இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"குடுத்துரு மச்சான்" என்றான் சிலுவைமுத்து. "இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போகாதேங்கிறது?"

போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். ஜோஸ்வா திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தான். அவன் போட்டைத் திருப்பிக்கொண்டு போய் மறையும் வரைக்கும் அப்பன் தண்ணீரைவிட்டு ஏறவில்லை.