மூன்று அலகு முனை

ஒன்பது வயதிலிருந்தே ஜெர்மனியில் எங்கள் ஆட்களுக்கு நான்தான் வாய். பெரியவர்களுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஜெர்மன் மொழி கிடைக்கவில்லை. ஆருக்காவது டெர்மின், அதாவது நேரம் குறித்து எங்கேயாவது போக வேண்டும் என்றால் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போவார்கள். டொக்டர், வெளிநாட்டவர் அலுவலகம், வீட்டுக்காரன் என்று எல்லாரோடும் நான்தான் கதைப்பேன். அதனால்தான் என் படிப்புப் பாதியில் நின்றது என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன். பொய். கணக்கு ஓடவில்லை, அவ்வளவுதான்.

சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தால் எனக்கு அலுப்படிக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தொண்டை கட்டியபோது ஓய்வு எடுக்கச் சொன்னார் டொக்டர். நான், "அக்கா, ரெலிபோனில மாமியாரைப் பற்றிக் கதைக்கிறதைக் குறைக்கட்டாம்" என்றேன். அக்கா ஒரு கிழமை ரெலிபோனைத் தொடவில்லை. தொண்டையும் சுகம் வந்தது. இப்படி நூறு பகிடி. ஆருக்கும் ஒரு சேதமும் வரவில்லை. அதனால் எனக்குக் குளிர் விட்டுப்போனது.

என் அக்காவின் புருஷன் கார்ல்ஸ்ரூஹேக்கு வெளியே ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பதினாலு வருஷமாக வேலை செய்தார். அத்தான் என்பதால் அவரைச் சீண்ட எனக்கு உரிமை இருந்தது. அவரும் விடமாட்டார். "ஹௌப்ட்ஷூல பள்ளிக்கூடமே முடிக்காத பேராசிரியர் வாறார், கதிரை போடுங்கோ" என்பார், நான் படியேறும்போதே.

அவரோடு வேலை செய்த ஒரு ஜெர்மன்காரன் ஒருநாள் அவரைக் காட்டுக்குள் இருந்த வில் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரப்பரில் செய்த மானும் பன்றியும் மரங்களுக்கு நடுவே நிற்கும். நடந்து நடந்து அம்பு விட வேண்டும். அத்தான் அதில் விழுந்துவிட்டார். சில்லு, பூட்டு ஒன்றும் இல்லாத வெறும் மரவில். சனிக்கிழமை வந்தால் ஆள் வீட்டில் இல்லை. அக்கா ஏசினாள். "பதினாலு வருஷமா அந்த மெசின் சத்தம் என்ர காதுக்குள்ள கிடக்குது. அங்க போனால்தான் நிக்குது" என்றார். அடுத்த சனிக்கிழமை அக்கா அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

தொழிற்சாலையில் அவர் நின்ற இடம் மாடுகள் மயக்கப்பட்டு வரும் வாசலுக்குப் பக்கத்தில். சில மாடு சரியாக மயங்காமலே வந்துவிடும். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. ஒருமுறை மட்டும், பிறந்தநாள் கேக் வெட்டிய பிறகு, பல்கனியில் நின்று என்னிடம் சொன்னார்.

"ஒருக்கா எண்டாலும் ஒழுங்கா ஒண்டு செய்ய வேணும்டா. ஒரு மிருகம் என்ர கையால சாகிறதெண்டால், தனக்கு என்ன நடந்ததெண்டு தெரியாமல் சாக வேணும். புல்லு மேஞ்சுகொண்டு நிக்க வேணும், அடுத்த நிமிசம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அதுக்கு ஏன் அத்தான் வில்லு? அக்கான்ர சோறு ஒரு கோப்பை குடுத்தால் போதுமே."

சிரித்தார். ஆனால் சொன்னதை விடவில்லை. ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் தராது. வில்லுக்காரர்கள் ஹங்கேரிக்குத்தான் போவார்கள். அத்தான் அங்கே ஒரு வேட்டைக் கம்பனிக்கு எழுதிப் போட்டார், அதாவது நான் எழுதிப் போட்டேன். அரைகுறை ஜெர்மனோடு அதற்கான வகுப்புக்கும் போய்ப் பத்திரம் எடுத்தார். ஒக்டோபரில் மூன்று நாள். பெண்மான் ஒன்றுக்கு அனுமதி. மிச்சம் இருந்தது அம்புக்கு வேட்டை முனை வாங்குவதுதான்.

கடைக்கு நானும் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அந்தப் பகுதியின் கொச்சை ஜெர்மன், அதுவும் வேகமாக. அத்தானுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கடைக்காரர் பச்சைத் துணியொன்றில் இரண்டு முனைகளை வைத்தார். ஒன்று ஒடுக்கமானது, மாவிலை மாதிரி, இரண்டு பக்கமும் வெட்டும். மற்றது அகலமானது, மூன்று அலகு, பார்க்கவே பயமான சாமான். அத்தானின் வில் எத்தனை பவுண்டு என்று கேட்டார். நாற்பத்தெட்டு என்றேன். மாட்டுத் தொடைகளைத் தூக்கித் தூக்கி அத்தானின் வலது தோள் பழுது. அதற்குமேல் அவரால் இழுக்க ஏலாது.

கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு நீளமாக விளங்கப்படுத்தினார். இந்த மாதிரி மென்மையான வில்லுக்கு ஒடுக்கமான இரண்டு அலகு முனைதான் சரி. பாரம் கூடியதாக எடுக்க வேண்டும். அதுதான் விலா எலும்பைத் தாண்டி மற்றப் பக்கத்தால் வெளியே வரும். இரண்டு ஓட்டை விழுந்தால் மிருகம் கெதியாகச் சாகும், நிலத்தில் இரத்தமும் இருக்கும். மூன்று அலகு பெரிய காயம் போடும்தான், ஆனால் தள்ள நல்ல பலம் வேண்டும். பலம் இல்லாவிட்டால் எலும்பில் நிற்கும். நின்றால் மிருகம் ஓடும், தேடவும் முடியாது. இவ்வளவையும் கைகளைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டே சொன்னார். கையால் காட்டியிருந்தால் அத்தானுக்கு விளங்கியிருக்கும்.

அத்தான் என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு அரித்தது.

"இந்த ஒடுக்கமானது பொம்பிளையளுக்காம் அத்தான். ஆம்பிளையள் மூண்டு அலகுதான் எடுக்கிறவையாம்."

"அப்பிடியே சொன்னவர்?"

"ஓம். உங்கட தோளைப் பாத்திட்டுத்தான் ஒடுக்கமானதை முதல் எடுத்து வைச்சவர். வடிவாப் பாருங்கோ, சிரிக்கிறார்."

கடைக்காரர் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். அத்தான் மூன்று அலகைக் கையில் எடுத்தார். "இது" என்றார்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, நான் சொன்னதை இவருக்கு விளங்கப்படுத்தினாயா என்று ஜெர்மனில் கேட்டார். எல்லாம் சொன்னேன், ஆள் பிடிவாதக்காரன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியில் போட்டுத் தந்தார்.

காருக்குள் ஏறியதும் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் மாற்றலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் அவர் பெட்டியை மடியில் வைத்து, மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் அக்காவுக்குக் காட்டினார். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு நாளைக்கு என்று விட்டேன். பகிடி சூடாக இருக்கும்போது உடைத்தால்தான் பகிடி. ஆறினால் அது பொய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் கட்டிடத்து நிலக்கீழ் அறைகளின் நடைபாதையில் பழகினார். ரப்பர் நுரைக் கட்டைக்குள் மூன்று அலகு நன்றாகவே இறங்கியது. அதைப் பார்த்து என் மனம் ஆறியது. இறங்குதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நுரைக்கு எலும்பு இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு நாள் மட்டும் கேட்டேன். அவர் கல்லில் முனையைத் தீட்டி, கையிலிருந்த மயிரை வழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அந்த ஒடுக்கமானதிலயும் ரெண்டு வாங்கி வைப்பமே?"

"ஏன்ரா? நான் பொம்பிளையே?"

என் பகிடியையே எனக்குத் திருப்பித் தந்தார். நானும் சிரித்தேன்.

ஹங்கேரியில் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தது ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருப்பாள், தோளில் துவக்கு, பள்ளிக்கூட ஜெர்மன். பத்திரங்களைப் பார்த்தாள், வில்லின் இழுவைப் பாரத்தை நிறுத்துப் பார்த்தாள், பெட்டியைத் திறந்து முனையை விரலால் தொட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள், இந்த வில்லுக்கு ஏன் இது என்று. தன்னிடம் ஒடுக்கமான முனை இருக்கிறது, அதே பாரம்தான், வேண்டுமென்றால் தரலாம், மாற்ற இரண்டு நிமிடம் போதும் என்றாள்.

அத்தான் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். ஆனால் அதைச் சொன்னால் கடைக்காரர் சொன்னதையும் சொல்ல வேண்டும். ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொல்ல வேண்டும்.

"என்னவாம்?"

"நல்லாத் தீட்டியிருக்கிறீங்களாம்."

அத்தான் வெட்கத்தோடு சிரித்து, "டாங்க" என்றார். ஜெர்மனில் ஒன்றைத் தரவா என்று கேட்கும்போது வெறும் 'நன்றி' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அவள் பெட்டியை மூடினாள்.

பின்னேரம் கிளைகளால் மறைத்த ஒரு பள்ளத்துக்குள் மூன்று பேரும் இருந்தோம். ஆறு மணி இருக்கும். நான்கு மான் வந்தன. கடைசியாக வந்தது பதினைந்து மீற்றருக்குள் நின்று குனிந்து மேய்ந்தது. அத்தான் இழுத்ததை நான் பார்க்கவில்லை, நாண் விட்ட சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு இன்னொரு சத்தம், பலகையில் ஆணி அடித்த மாதிரி. மான் இரண்டு முன்கால்களும் மடிய விழுந்தது. பிறகு எழும்பி ஓடியது. அம்பின் முக்கால்வாசி வெளியே ஆடிக்கொண்டு போனது.

அந்தப் பெண் கையைக் காட்டி எங்களை இருத்தினாள். அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தோம். பிறகு தேடினோம். முறிந்த அம்பு கிடைத்தது. முனை அதில் இல்லை. இலைகளில் நாலைந்து சொட்டு இரத்தம், பிறகு ஒன்றும் இல்லை. இருட்டில் துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், காலையில் நாயோடு வருவோம் என்றாள். அதை மட்டும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

அன்றிரவு தங்கிய அறையில் அத்தான் கட்டிலில் சப்பாத்தோடேயே இருந்தார். "தோள் எலும்பில பட்டிட்டுது. அம்பு ரெண்டு விரல் முன்னுக்குப் போயிட்டுது. என்ர பிழை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எங்கயோ நிக்கும், என்ன?" என்றார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த இரவு தன்னைத் திட்டுவதற்குப் பதிலாக என்னைத் திட்டவாவது கிடைத்திருக்கும்.

காலை ஏழரைக்கு நாய் குரைத்தது. முட்பற்றை ஒன்றுக்குள் மான் இருந்தது. படுத்திருக்கவில்லை. மூன்று காலில் நின்றது. நாலாவது தோளிலிருந்து தொங்கியது. எழும்பி எழும்பி விழுந்திருக்க வேண்டும், நிலமெல்லாம் கிளறிக் கிடந்தது. எங்களைக் கண்டும் ஓடவில்லை. அந்தப் பெண் துவக்கைத் தூக்கினாள். அத்தான் கையை நீட்டி மறித்தார். கத்தியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் போனார், கழுத்தோடு அணைத்தார், பதினாலு வருஷம் செய்த கை ஒரு நொடியில் முடித்தது. அவ்வளவு நேரமும் அது அவரைப் பார்த்துக்கொண்டே நின்றது.

அந்தப் பெண் தோளை அறுத்து எலும்பைக் காட்டினாள். முனை தகட்டெலும்பில் பாதிவரை இறங்கி நின்றுவிட்டது. ஓர் அலகு வளைந்திருந்தது. ஒடுக்கமானது என்றால் இந்த இடத்தில் பட்டும் எலும்பைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, நான் உன்னிடம் கேட்டேனே, தருகிறேன் என்றேனே, அவர் ஏன் வேண்டாம் என்றார் என்று கேட்டாள்.

கேட்டேன், தருகிறேன். இந்த இரண்டு சொல்லும் விளங்காத அளவுக்கு அத்தானின் ஜெர்மன் மோசமில்லை.

"என்னத்தைத் தாறன் எண்டவள்?"

நான் சொன்னேன். அவள் தர வந்ததை முதலில், பிறகு கடைக்காரர் சொன்னதை. இரண்டு ஓட்டை, எலும்பு, பலம், தேட முடியாது என்று ஒன்றையும் விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் மொழிபெயர்த்ததில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கத்தியைப் புல்லில் துடைத்தார்.

"எத்தினை மணிக்கு நான் அம்பு விட்டனான்?"

"ஆறுக்கு."

"இப்ப?"

"ஏழரை தாண்டிட்டுது."

"பதிமூண்டரை மணித்தியாலம்" என்றார். கத்தியை உறையில் போட்டார். இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்றைக்கே வெளிக்கிட்டோம். ஒஸ்திரியா முழுவதும் ரேடியோவும் இல்லை, கதையும் இல்லை.

ஜெர்மன் எல்லையில் பாசாவ் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் பொலிஸ் மறித்தது. கறுத்த ஆட்கள் இரண்டு பேர், பின்னால் நீளப் பெட்டி. பொலிஸ்காரன் கடவுச்சீட்டைப் பார்த்தான். அத்தானின் சட்டைக் கையைப் பார்த்தான். இது என்ன இரத்தம் என்று கேட்டான். பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன்.

அத்தான் என் நெஞ்சில் கையை வைத்து என்னை இருக்கையோடு அழுத்தினார்.

"நான் கதைக்கிறன்" என்றார் ஜெர்மனில். பிறகு தனக்குத் தெரிந்த சொற்களைத் தேடித் தேடி அடுக்கினார். மிருகம். ஹங்கேரி. நான். நல்லா இல்லை. பதின்மூன்று மணித்தியாலம்.

பொலிஸ்காரனுக்கு விளங்கவில்லை. பதின்மூன்று மணித்தியாலம் கார் ஓட்டினீர்களா என்று கேட்டான்.

"இல்லை" என்றார் அத்தான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

பொலிஸ்காரன் குனிந்து என்னைப் பார்த்தான், உனக்காவது ஜெர்மன் தெரியுமா என்று. அத்தானின் கை இன்னும் என் நெஞ்சில்தான் இருந்தது. நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.