அசல் லாக்கரில், நகல் கையில்

ஜப்பானுக்குக் குறுகிய காலத்திற்கு வரும் வெளிநாட்டவர் தம் பாஸ்போர்ட்டை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும். காவலர் கேட்டால் காட்ட வேண்டும். இது அந்த நாட்டின் சட்டம். பச்சை மையில் கையெழுத்தும் வட்ட முத்திரையும் போட்ட நகல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. இன்று இதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். தெரிந்திருக்க வேண்டிய நாளில் தெரியவில்லை. அப்படிச் சொல்வதும் முழு உண்மை அல்ல. என் கண் முன்னால் அச்சில் இருந்தது. நான்தான் அதைப் பென்சிலால் அடித்தேன்.

என் தம்பி மகள் சாமல்பட்டிக்காரி. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தவள், மத்திகிரியில் எங்களோடு தங்கியிருக்கிறாள். இரண்டு வருடப் பயிற்சி முடிந்தால் வேலை நிரந்தரமாகும். ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்பி, ஜாதகத்தோடு காத்திருக்கும் ஒரு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்பனுக்கும் மகளுக்கும் இடையே இப்படி ஒரு பேச்சு. எழுத்தில் இல்லை, ஆனாலும் எழுத்தில் இருந்த பல உத்தரவுகளைவிட உறுதியானது.

பயிற்சி முடியும் தறுவாயில் ஒசாகாவில் இருக்கும் தலைமைத் தொழிற்சாலைக்கு ஒன்பது நாள் அனுப்பினார்கள். ஐந்து பேர், நாலு பையன்கள், இவள் ஒருத்தி. அதுவரை அவள் பார்த்த பெரிய நகரம் பெங்களூரு. அங்கே வழி தவறினால் கன்னடத்தில் கேட்டுக்கொள்வாள்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். அசல் சான்றிதழ் ஒன்று எங்கள் பிரிவுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு மனிதர் தன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கேட்டு ஆறு வருடம் எங்கள் படியேறினார். "தேடுதலில் உள்ளது" என்று ஆறு வருடமும் பதில் எழுதியவன் நான். அசலைக் கைவிடாதே என்பது எனக்கு விதி அல்ல, அனுபவம்.

ஆகவே அவள் பயணத்துக்குப் பதினான்கு பாராக்களில் ஒரு குறிப்பாணை எழுதினேன். மூன்றாவது பாரா: அசல் ஹோட்டல் லாக்கரில், சான்றொப்பமிட்ட நகல் மட்டும் கையில்.

அவள் கம்பெனி கொடுத்த தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பெரியப்பா, இதுல எட்டாவது பாயிண்டுல பாஸ்போர்ட்ட எப்பவும் கையிலயே வெச்சிருக்கணும்னு போட்டிருக்குதுங்க."

"அது பொதுவா அச்சடிச்சு எல்லாருக்கும் குடுக்கறது. கூட்டத்துல எவனாவது உருவிட்டுப் போனா உங்க கம்பெனியா வந்து நிக்கும்?"

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, அவங்க போட்டிருக்கறது அவங்க ஊருக்கு. நீங்க சொல்றது உங்க ஆபீசுக்கு."

"எல்லா ஊருலயும் ஆபீசு ஒண்ணுதான்" என்றேன். பென்சிலை எடுத்து எட்டாவது வரியைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'பாரா 3 காண்க' என்று எழுதினேன்.

சான்றொப்பத்துக்குக் கால்நடைப் பண்ணைப் பக்கம் குடியிருக்கும் மாட்டு டாக்டரிடம் போனேன். அவர் கெஜட்டட் அதிகாரி; எனக்குப் பழக்கம்.

"ரிட்டையர் ஆகியும் பேப்பர விடமாட்டேங்கறீங்களே சார். ஜப்பான்ல என் சீல எவன் படிக்கப் போறான்?"

"படிக்க வேண்டாம் டாக்டர். வட்டமா இருந்தாப் போதும்."

சிரித்துக்கொண்டே மூன்று நகல்களிலும் குத்திக் கொடுத்தார்.

அங்கே போய் ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பயிற்சி இல்லை. பையன்கள் ஹெட்போன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். இவளுக்குக் கடலைப் பார்க்க ஆசை. காலையிலிருந்து படம் படமாக வந்துகொண்டிருந்தது: சூடான காப்பியை டப்பாவில் தரும் இயந்திரம், ஒரே நேரத்தில் ரோட்டைக் கடக்கும் ஒரு ஊர் ஜனம், குப்பையே இல்லாத ஒரு சந்து. கடைசியாக வந்தது ரயில் நிலையத்தின் வரைபடம். நூல்கண்டு பிரிந்தது போலக் கோடுகள். கீழே, "எந்த வாசல்னு தெரியல பெரியப்பா, கண்டுபிடிச்சுடுவேன்" என்று எழுதியிருந்தாள்.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. அப்போது இங்கே பதினோரு மணி.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம், யாரும் சாப்பிடவில்லை. கூப்பிடக் கூப்பிட அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. இரண்டரை மணிக்கு முழுவதும் நின்றுவிட்டது. குறிப்பாணையின் பதினோராவது பாராவில் தூதரகத்தின் எண்ணை எழுதியிருந்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது என்று எழுதவில்லை. பெண் காணவில்லை என்பதா? நாலு மணி நேரம் போன் எடுக்காதவளைக் காணாமல் போனவள் என்று எந்த அலுவலகமும் பதிவு செய்யாது. நானே செய்திருக்க மாட்டேன். என் மனைவி பூஜை அலமாரிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நான் என் குறிப்பாணையின் நகலை எடுத்து முதலிலிருந்து படித்தேன். பதினான்கு பாராக்களிலும் இதற்கு வழி இல்லை.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. "ஒண்ணும் இல்லீங்க பெரியப்பா. ஹோட்டலுக்கு வந்துட்டேன். போன்ல சார்ஜ் தீந்துபோச்சு." குரல் மட்டும் அவளுடையதாக இல்லை.

திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள். வரைபடத்தின் முன்னால் அரைமணி நேரம் நின்றிருக்கிறாள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறார்கள். நகலைக் கொடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் போனை முத்திரை மேல் பிடித்து மொழிபெயர்த்தார்.

"அப்புறம் என்னயப் பாத்து, நீங்க மாட்டு டாக்டரான்னு கேட்டாருங்க."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவளும் சிரித்தாள். "இல்ல, எங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சவருன்னு இங்கிலீசுல சொன்னேன். அவருக்கு அது எப்படிப் புரிஞ்சுதோ, ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

யாரும் கடுமையாக நடக்கவில்லை. நாற்காலி கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். கம்பெனியில் பயிற்சிக்குப் பொறுப்பான அந்த ஊர் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். வயதானவர், விடுமுறை நாளில் இரண்டு ரயில் மாறி ஹோட்டலுக்குப் போய், லாக்கரைத் திறக்கச் சொல்லி, பாஸ்போர்ட்டோடு வந்து சேர்ந்தார். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்.

"திட்டவே இல்லீங்க பெரியப்பா. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. போலீசுகிட்ட மூணு தடவ குனிஞ்சாரு. அவரு எதுக்குக் குனியறாருன்னு தெரியாம பக்கத்துல நின்னுட்டிருந்தேன். புரிஞ்சதுக்கப்புறம் நானும் குனிஞ்சேன். நிமிரவே தோணல."

கடலை அவள் பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் மெமோ வந்தது. எழுத்துப்பூர்வமாக அளித்த எட்டாவது அறிவுரையை ஏன் பின்பற்றவில்லை என்று மூன்று நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள். முறையான மெமோ, ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த மாதக் கடைசியில் நாலு பையன்களுக்கும் நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. இவளுடையது நிலுவை.

விளக்கம் எழுதுவது என் தொழில். உட்கார்ந்து இரண்டரைப் பக்கம் எழுதினேன். சூழ்நிலை, மொழி தெரியாமை, முதல் வெளிநாட்டுப் பயணம், 'பெறப்பட்ட தவறான ஆலோசனை' என்று அடுக்கி, கருணையுடன் பரிசீலிக்கக் கோரி முடித்திருந்தேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"ஆலோசனை யாரு குடுத்ததுன்னு கேட்டா என்னங்க பெரியப்பா சொல்றது?"

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் அப்படிப்பட்ட வாக்கியங்களில் நான் ஆள் பெயர் போட்டதே கிடையாது. போடாமல் இருப்பதற்குத்தான் அந்த வாக்கியமே இருக்கிறது.

அவள் என் இரண்டரைப் பக்கத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு, தனித்தாளில் எழுதினாள்: அறிவுரையைப் படித்தேன். பின்பற்றவில்லை. அதனால் ஒருவர் தன் விடுமுறை நாளை இழந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

மறுநாள் அவள் கம்பெனி பஸ் ஏறிய பிறகு நான் என் பங்குக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரியை அடித்தவன் நான், பென்சில் என்னுடையது, கையெழுத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று எழுதினேன். இணைப்பு: கம்பெனித் தாள் ஒன்று, அசல். ஜெராக்ஸ் கடை வரைக்கும் போனேன். வாசலில் சற்று நேரம் நின்றேன். அடித்தது பென்சிலில், நகலில் அது அச்சுப்பிழை போலத் தெரியும். அசலையே உறையில் போட்டு ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். வீடு வரும்வரை கையில் ஏதோ குறைவது போலவே இருந்தது.

ஜூன் போயிற்று. ஜூலை போயிற்று. தம்பி போனில் கேட்டான்.

"என்னாண்ணா, பிள்ளைக்கு ஆர்டர் வந்துச்சா? மாப்பிள்ள ஊட்ல கேட்டுக்கிட்டே இருக்கறாங்க."

"பரிசீலனையில இருக்குதாம்."

"நீ சொல்றதப் பாத்தா நீதான் பரிசீலிக்கற மாதிரி இருக்குது."

பென்சில் விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. நான் காக்க வைத்த மனிதர்களின் முகங்களை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். மதிப்பெண் பட்டியல்காரர் முகம்கூட வரவில்லை. அவர் வைத்திருந்த மஞ்சள் பைதான் வந்தது.

அவள் தினமும் போனாள், வந்தாள். என்னிடம் முன்போலவே பேசினாள். ஆனால் எதையும் கேட்பதில்லை. வங்கிப் படிவத்தைக்கூடத் தானே நிரப்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வந்தவள் இரண்டு உறைகளை மேசையில் வைத்தாள். ஒன்று எனக்கு. என் கடிதத்தின் மீது நடவடிக்கை எடுக்க இயலாது. இணைப்பு திருப்பி அனுப்பப்படுகிறது. உள்ளே பென்சில் கோட்டோடு அந்தத் தாள், ஒரு மடிப்புகூட அதிகமில்லாமல். மற்றது அவளுக்கு. வேலை நிரந்தரம், பையன்களைவிடப் பிந்தி, அன்றைய தேதியிலிருந்து. வெளிநாட்டுப் பயிற்சிகளுக்கு மூன்று ஆண்டுகள் அவள் பெயர் எடுத்துக்கொள்ளப்படாது.

"நீங்க லெட்டர் போட்டது எனக்கு ஜூன்லயே தெரியுங்க. கூப்புட்டுக் கேட்டாங்க."

"நீ என்னம்மா சொன்னே?"

"கோடு போட்டது அவருதான், பாஸ்போர்ட்ட வெச்சுட்டுப் போனது நான்தான்னு சொன்னேன்."

முகம் கழுவிக்கொண்டு வந்து, பீரோ சாவியைக் கேட்டாள். அவள் ஊர் திரும்பிய அன்றே பாஸ்போர்ட்டை நான் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன். அவளே அதை எடுத்துத் தன் பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டுங்க பெரியப்பா."

சரி என்றேன். பிறகு, செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், எனக்கு வந்த கடிதத்தின் மேல் ஓரத்தில் வழக்கம்போல எழுதினேன்: பெறப்பட்டது, ஆகஸ்ட் 21.