மண்ணைக் கக்கிய அயிரை

எங்கள் வீட்டு மீன் தொட்டியில் அப்போது வெங்காயம் குடியிருந்தது. அப்பா ஆசை ஆசையாய் வாங்கிவிட்ட தங்கமீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்து மிதந்த பிறகு, காலித் தொட்டியை அம்மா அடுப்படிக்கு எடுத்துக்கொண்டாள். சென்னையை ஒட்டிய திருமழிசையில் நாங்கள் இருந்த ஃபிளாட்டில் அலங்காரத்துக்கு இடம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவின் தம்பியான என் மாமா மதுரையிலிருந்து வந்து இறங்கினார். கையில் தண்ணீர் கேன், அதற்குள் உயிரோடு அயிரை மீன்கள். வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்ததில் பேன்ட் பாதி நனைந்திருந்தது.

"அக்கா போன்ல ஆசப்பட்டுக் கேட்டுருச்சு. உசுரோட கொண்டாந்துட்டேன்ல மச்சான்!" என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அயிரை சேற்றில் மேய்கிற மீன். சமைப்பதற்கு முன் நல்ல தண்ணீரிலும் பிறகு தேங்காய்ப்பாலிலும் நீந்தவிட்டு, வயிற்று மண்ணைக் கக்கவைப்பது எங்கள் மதுரைப் பக்கத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமை குழம்பு என்று முடிவானது. வெங்காயம் வெளியேறி, அயிரை குடியேறியது. தங்கமீனோடு வாங்கிய பிளாஸ்டிக் செடியையும் அப்பா உள்ளே போட்டார்.

எனக்கு ஏழு வயது. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், அந்தப் பக்கம் ஒரு குட்டி மீசைக்காரன் வந்து என் மூக்கைத் தடவிப் பார்த்தான். அவ்வளவுதான், அதற்குமேல் அதைக் குழம்பாக நினைக்க என்னால் முடியவில்லை. வளர்க்கலாம் என்று அழுதேன், புரண்டேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை தொட்டியில் ஒரே களேபரம். ஒல்லி மீன்கள் ஒரு குண்டு மீனைத் துரத்தின. அது செடிக்குள் நுழைந்ததும் ஒருத்தன் அதன் இடுப்பைச் சுற்றி வளையல் மாதிரி வளைந்துகொண்டான். இரண்டும் ஒரு நொடி நடுங்கின. பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது.

"மாமா, இடுப்ப நெரிக்குது!" என்று கத்தினேன்.

மாமா வந்து பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டினார். "அக்கா! மண்ணக் கக்குது பாரு! தேங்காப்பாலே வேணாம்!"

எனக்கு ஒரு சந்தேகம். மண் என்றால் அடியில்தானே விழ வேண்டும்? இது செடியில் ஒட்டிக்கொண்டு கண்ணாடிபோல மின்னியது. அதைச் சொன்னதும் அம்மா துருவலை விட்டுவிட்டு வந்து குனிந்தாள். அந்தக் குண்டு மீனின் வயிற்றையே வெகுநேரம் பார்த்தாள்.

"மண்ணு இல்லடா, முட்டை. இத எப்படிடா கொதிக்கிற கொழம்புல போடுவேன்? இன்னிக்கு ரசம்."

"ரசமா! அதுக்கா இம்புட்டுத் தூரம் சொமந்து வந்தேன்?" மாமாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கோ குதிக்கத் தோன்றியது, குதித்தேன்.

குழம்பில் பங்கு கேட்டிருந்த கீழ்வீட்டு அக்கா அந்த நேரம் பார்த்துக் கிண்ணத்தோடு நுழைந்தார். "இன்னாக்கா, வாசனையே காணோம்? கிண்ணம் எட்துகினு வந்துகீறேன்!" விஷயத்தைக் கேட்டுவிட்டு அம்மாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். மாமா ஏமாந்ததற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெரிய மீன்கள் முட்டையைத் தின்றுவிடும் என்று போனில் படித்த அப்பா, செடியைத் தனி வாளிக்கு மாற்றினார். ஓரிரு நாளில் நூல்முனை போலக் குஞ்சுகள் நெளிந்தன. என் அழுகைதான் அவற்றைக் காப்பாற்றியது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எந்த மீனுக்கு வயிறு உப்பியிருக்கிறது என்று தினமும் தொட்டியைச் சோதிப்பேன். அம்மா காலையில் வாந்தி எடுத்ததும், மாங்காய்க்கு ஏங்கியதும், என் பக்கத்திலேயே இன்னொரு வயிறு மெல்லப் பெருத்துவந்ததும் என் கண்ணில் படவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியைத் துணியில் சுற்றிக் காட்டியபோது, நான் தொட்டிலுக்கு அடியிலும் குனிந்து தேடினேன்.

"மிச்சமெல்லாம் எங்கம்மா?"