கட்டியைத் தேடிப் போன கரண்ட்

ஷாக்குவிடம் அடி வாங்காத ஆள் அந்தத் தெருவில் குறைவு. ஷாக்குவை அடித்தவர்களும் உண்டு. ஒரு லாரி டிரைவர், இரண்டு போலீஸ்காரர்கள், கணக்கில்லாத தடவை சொந்த அக்கா. ஆனால் ஒரு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிற நோயாளிகள் ஒன்றுகூடி அவனை அடித்துப் படியில் உருட்டிவிட்டு, மூன்று விலா எலும்பை உடைத்தது ஒரே ஒரு தடவைதான். அக்காவின் அடியைத் தவிர, அவன் திருப்பி அடிக்காமல் விட்ட முதல் அடி அதுதான்.

வயது நாற்பத்தாறு. தொழில், மோட்டார் வைண்டிங். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். கடை ஒரு கட்டில் அகலம். சுற்று எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கையில் இருப்பது பறக்கும். ஸ்க்ரூடிரைவர் பறந்திருக்கிறது, பிளேயர் பறந்திருக்கிறது, ஒரு தடவை அரை ஹெச்பி மோட்டாரே பறந்து எதிர்க்கடை ஷட்டரில் பள்ளம் விழுந்தது. "என்ன ஷாக்கு, எத்தனாவது சுத்து?" என்று கேட்டுவிட்டு ஓடுவது பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

முன்கோபம் குடும்பச் சொத்து. அப்பா பேசுவதற்கு முன் அடிப்பார், அடித்த பிறகும் பேசமாட்டார். அந்தச் சொத்தில் பெரிய பங்கு அக்காவுக்குப் போனது. தம்பியைவிட ஆறு வயது மூத்தவள், புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்தவள், அட்டைப்பெட்டி கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக பஞ்சிங் மெஷின் ஓட்டுபவள். ஆள் உயர அட்டையை உள்ளே தள்ளினால் ஒரே அடியில் பெட்டி வடிவத்தில் வெட்டித் துப்புகிற மெஷின் அது. கம்பெனியில் சூப்பர்வைசரே அவளிடம் இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவார்.

போன வருஷம் ஒரு மத்தியானம், சூட்கேஸ் அளவு இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்தார். அதற்கு முன் தண்ணீர் ஃபில்டர் விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது இரண்டு தெரு தள்ளி, மாடியில், அலை வைத்தியம். ஊர் அவரை அலை டாக்டர் என்று அழைத்தது. பெட்டியின் முகத்தில் ஒரு திருகு, எண்கள் ஓடுகிற திரை, நீல விளக்கு. பின்னால் இரண்டு ஒயர், முனையில் கையில் பிடிக்க இரண்டு செம்புக் குழாய்.

"ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு அலைவரிசை இருக்கு தம்பி. அதைச் சரியா விட்டா வியாதி செத்துடும். மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா பிடிக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. லேசா சுருக்குன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"யாரு சார் பிடிப்பாங்க?"

"எல்லாம் முட்டி வலி, இடுப்பு வலி."

ஷாக்கு திறந்து பார்த்தான். எண்கள் ஓட ஒரு சின்ன போர்டு, ஒரு விளக்கு. செம்புக் குழாய்களின் ஒயர் எதிலுமே சேராமல் உள்ளே வந்து சும்மா நின்றது. அடியில் இரண்டு போல்ட் போட்டு முடுக்கிய ஒரு இரும்புப் பலகை.

"இது எதுக்கு சார்?"

"கனம் வேணுமில்ல?"

ஷாக்கு வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் வேலையும் செய்தான். கொசு அடிக்கிற பழைய கரண்ட் பேட் ஒன்றைப் பிரித்து அதன் சர்க்யூட்டை எடுத்து, கடி குறையும்படி மாற்றிக் குழாய்களோடு சேர்த்தான். வீட்டுக் கரண்ட் மனிதர் கைக்குப் போகக்கூடாது என்பது அவன் தொழில் நேர்மை. அதனால் அந்தச் சர்க்யூட்டுக்குத் தனியாக ஒரு பேட்டரி வைத்தான். தீர்ந்தால் மாற்றிக்கொள்ள அடியில் சின்ன மூடி. அலை டாக்டர் குழாய்களைப் பிடித்துப் பார்த்தார்.

"அடேங்கப்பா! இது போதும்."

பெட்டி போனது. ஷாக்கு அதை மறந்தான். முட்டி வலிக்காரன் ஒரு சுருக்கில் மனசு குளிர்ந்துபோனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா மகள் கடைக்கு வந்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிற பெண். வந்தவள் ஒரு ஆஸ்பத்திரி ஃபைலை அவன் சுற்றிக்கொண்டிருந்த மோட்டார் மேலேயே போட்டாள். எண்ணிக்கை போனது. ஷாக்கு கையை ஓங்கியபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அடி மாமா. அடிச்சுட்டு இதைப் படி."

அக்காவுக்கு இடது மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று உறுதியாகி மூன்று மாதம். ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று எழுதியிருந்தது. அக்கா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஃபைலை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

"வாரத்துக்கு மூணு நாள் அலை டாக்டர்கிட்ட போகுது மாமா. கரண்ட் கட்டியைத் தேடிப் போகுதாம். கையில சுருக்குன்னு ஏறி மார்புல போய்க் கடிக்குதாம். கடிக்குதுன்னா கட்டி சாகுதுன்னு அர்த்தமாம்."

ஷாக்குவின் கையிலிருந்த கம்பிச் சுருள் தரையில் விழுந்து தெருவரைக்கும் உருண்டது. கடையைப் பூட்டக்கூட இல்லை.

அட்டைக் கம்பெனியில் பத்து மெஷின் இடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மெஷினை நிறுத்தவில்லை. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அக்கா, அந்தச் சுருக்கு நான் வச்சது! கொசு பேட்டுக்கா அது! கொசு பேட்டு!"

"என்னடா உளர்ற?"

"அந்தப் பெட்டியில ஒண்ணுமே இல்ல. நான்தான் பேட்டரி வச்சுக் கடிக்க விட்டேன்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"மிக்ஸி ரிப்பேர் பண்றவன் எனக்கு வைத்தியம் சொல்றியா? எனக்குக் குறைஞ்சிருக்குடா. எனக்குத் தெரியாதா என் உடம்பு?"

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வர்ற."

"வரல."

ஷாக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அடுக்கி வைத்த அட்டைக்கட்டு ஒன்று சரிந்து இருவர் மேலும் விழுந்தது. அக்கா தடுமாறி எழுந்து, அட்டைக் கழிவைத் தட்டிவிடுகிற ரப்பர் சுத்தியலை எடுத்துத் தம்பியின் தோளில் இறக்கினாள். அவன் சரிந்தான். இன்னொன்று முதுகில். நாலு பேர் ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள். பிடித்தவர்களில் ஒருவனுக்கு உதடு கிழிந்தது.

மூச்சு இரைக்க, அக்கா இடது கையை விரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆள்காட்டி விரல் பாதிதான். எட்டு வருஷத்துக்கு முன் மெஷின் கடித்தது.

"தைச்சு ஒட்ட வச்சுடறோம்னு சொல்லித்தான்டா மயக்க மருந்து கொடுத்தாங்க. முழிச்சுப் பார்த்தா துண்டாவே எடுத்துட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? விரலுக்கே அப்படின்னா இதுக்கு என்ன பண்ணுவாங்க? நான் தூங்கறப்போ என்னை வெட்ட விடமாட்டேன். செத்தாலும் முழிச்சுக்கிட்டே சாகறேன்."

அக்கா பயந்து ஷாக்கு பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அலை டாக்டரின் மாடிக்குப் போனான். வெளி அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பேர். முட்டி வலி ஒன்றுகூட இல்லை. தலையில் முடி இல்லாமல் துணி கட்டிய ஒரு பெண். சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஒரு ஆள். மஞ்சள் கண்களோடு ஒரு கிழவர், முழங்காலுக்கு நடுவே கைத்தடி. ஷாக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

உள்ளே அலை டாக்டர் பதினோராவது நோயாளியின் கையில் குழாய்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, என்ன இந்தப்..."

முதல் குத்து மூக்கில். எலும்பு முறிகிற சத்தம் வெளி அறை வரை கேட்டது. இரண்டாவது குத்தில் அவர் மேஜைக்குப் பின்னால் போனார். "முட்டி வலியா? முட்டி வலியாடா?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தான் ஷாக்கு. அவர் வெள்ளைக் கோட்டு முழுக்க ரத்தம். பிறகு பெட்டியைக் கட்டிப்பிடித்து இழுத்தான். பிளக் சுவரிலேயே நின்றது, ஒயர் அறுந்து பெட்டியோடு வந்தது.

வாசலில் அவர்கள் நின்றார்கள்.

"எங்கடா தூக்கிட்டுப் போற?"

"அய்யா, இது டுபாக்கூருங்க. இதுக்குள்ள ஒண்ணுமில்ல. நானே..."

கைத்தடி காதோரத்தில் விழுந்தது. கிழவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. சிலிண்டர்க்காரர் சிலிண்டரையே அவன் கணுக்காலில் மோதவிட்டார். யாரோ நாற்காலியால் அடித்தார்கள். தலையில் துணி கட்டிய பெண் அவன் முன்கையில் பல்லை இறக்கினாள். விடவில்லை. கண்ணில் தண்ணீர் ஓட, வாய் நிறைய அவன் சதையோடு, "என் மெஷினு, என் மெஷினு" என்று முனகினாள்.

ஷாக்குவின் வலது கை தானாக ஓங்கியது. நாற்பது வருஷப் பழக்கம். ஓங்கிய கைக்குக் கீழே அவள் கழுத்து, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு, நரம்பு தெரிய. கை அப்படியே நின்றது. பிறகு இறங்கிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு தள்ளு. பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி பதினெட்டுப் படியும் உருண்டான். கடைசிப் படியில் இரும்புப் பலகையின் கனம் முழுவதும் அவன் விலாவில் இறங்கியது.

எழுந்து, பெட்டியோடு, எப்படி அக்கா வீடு வரை நடந்தான் என்று அவனுக்கே தெரியாது. அக்கா மகள்தான் கதவைத் திறந்தாள். சமையலறை மேடையில் பெட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் அக்கா வந்தாள். அலை டாக்டர் கம்பெனிக்கே போன் செய்திருந்தார்.

வந்தவள் கேள்வி கேட்கவில்லை. கரண்டியால் அடித்தாள். கரண்டி வளைந்ததும் கையால் அடித்தாள். மகள் குறுக்கே விழுந்தாள், அவளுக்கும் விழுந்தது.

"அவரைக் கொன்னு போட்டுருப்பியே பாவி! என் உசுரு அதுலதான்டா இருக்கு!"

"அடிச்சு முடிச்சியாக்கா?" ஷாக்கு வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். "முடிச்சிட்டா இந்தக் குழாயைப் பிடி."

"எதுக்கு?"

"ஒரு தடவை. எனக்காக இல்ல. சும்மா பிடி."

அக்கா பிடித்தாள். ஷாக்கு எட்டித் திருகைத் திருப்பினான்.

"தெரியுதா?"

"தெரியுது. எப்பவும் போல. சுருக்குன்னு." குரல் கொஞ்சம் இறங்கியது. "இதோ, மார்புல போய்க் கடிக்குது பாரு."

"பிளக்கைப் பாரு."

அக்கா திரும்பினாள். ஒயர் மேடையிலிருந்து தொங்கியது. முனையில் பிளக் இல்லை. நீல விளக்கு எரியவில்லை. திரையில் எண் ஓடவில்லை. பெட்டி செத்துக் கிடந்தது. சுருக்கு மட்டும் கையில் ஏறிக்கொண்டே இருந்தது.

ஷாக்கு அடியிலிருந்த மூடியைத் தள்ளி பேட்டரியை எடுத்தான். சுருக்கு நின்றது. போட்டான். ஏறியது. எடுத்தான். நின்றது. எட்டு தடவையோ ஒன்பது தடவையோ. அக்கா குழாய்களை விடவே இல்லை. கடைசியில் பேட்டரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு மூடியை வெறுமனே சாத்தினான்.

"இப்பத் தெரியுதாக்கா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள், உடம்புக்குள்ளே.

"கையில இல்ல. மார்புல மட்டும் இருக்கு."

"அது கட்டிக்கா."

அவள் குழாய்களை மெதுவாக மேடையில் வைத்தாள்.

"அங்க எத்தனை பேரு இருந்தாங்க இன்னிக்கு?"

"பதினொண்ணு."

"இதை எப்ப வச்ச?"

"போன வருஷம்."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. கன்னத்தில் விட்ட அறையில் அவன் காது இரண்டு நாள் கேட்கவில்லை. அன்று வாங்கியதில் எல்லாம் அதுதான் நியாயமானது என்று ஷாக்கு இன்றைக்கும் சொல்வான்.

சாயந்திரம் போலீஸ் வந்தது. மூக்கு உடைத்தது, பெட்டி திருடியது, இரண்டையும் ஒத்துக்கொண்டான். பெட்டிக்குள் சுருக்கு வைத்ததும் நான்தான் என்று அவன் சொன்னபோது ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை நிறுத்திவிட்டு, "யோவ், அதைக் கேட்கவே இல்லையே" என்றார். "எழுதுங்க சார்" என்றான் ஷாக்கு. எழுத வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டான். அலை டாக்டர் மூக்கில் கட்டோடு ஊரைவிட்டுப் போனார். ஜாமீனில் வந்த ஷாக்கு தெருத் தெருவாக விசாரித்துப் பதினொரு பேரையும் தேடிப் போனான். நாலு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இரண்டு வீட்டில் அடித்தார்கள். வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். துணி கட்டிய பெண்ணின் வீட்டில் சாவுக்கு வந்தவர்களின் செருப்புகள் வாசலில் கிடந்தன. அந்தத் தெருவுக்குள் போகாமல் அவன் இன்னும் சுற்றுவழியில்தான் போகிறான்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில், அக்காவைச் சோதித்த பெண் டாக்டர் புது ரிப்போர்ட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்மா. இப்ப மார்பையே எடுக்கணும். அக்குள்லயும் பரவியிருக்கு. அப்புறம் கீமோ. முடிச்சாலும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இன்னும் கைமீறிப் போயிடல."

"என்னென்ன எடுப்பீங்கன்னு இப்பவே சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு நூலு எடுக்கக்கூடாது."

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அக்கா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அவளே திருப்பிச் சொன்னாள். டாக்டர் தலையாட்டினார்.

வெளியே வந்தபோது நடைக்கூடத்தில் கூட்டம் கூடியிருந்தது. டாக்டர் பேச்சைப் பாதியில் விட்டு வெளியேறிய ஷாக்கு சுவரைக் குத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்கும் உடைந்த விலா அவனைத் திருப்பிக் குத்தியது. விரல் முட்டிகள் கிழிந்து சுண்ணாம்பில் சிவப்பாக நாலு தடம். காவலாளி பிடிக்கப் பயந்து தள்ளியே நின்றார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் பின்னங்கழுத்தில் கை வைத்தாள். அவன் அடிக்குக் காத்திருந்தான்.

"சுவரை விடுடா. அது என்ன பண்ணுச்சு பாவம்."

"அக்கா..."

"அப்புறம் அழு. போய் எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டுட்டு வா. ஓடாத, மெதுவா போ. நீ விழுந்தா உன்னைத் தூக்க இப்ப என்னால முடியாது."