எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பத்தி

மரியநாயகி தன் நாற்பத்து நான்காவது வயதில் ஒரு நாவலோடு வாதிட வேண்டி வந்தது.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவள் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். மாலையில் கொழுந்தை எடை போட்ட பிறகு வந்து தூக்கிப் போவார்கள். பதினெட்டுப் பிள்ளைகள், பன்னிரண்டு தொட்டில்கள். பதினொரு வருடமாக இதுதான் அவள் வேலை. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவளும் கொழுந்து எடுத்தாள். இடது முழங்கால் அந்த வருடங்களோடு போய்விட்டது.

சென்ற ஆண்டு ஒரு கடிதம் வந்தது. டிப்ளோமா இல்லாதவர்கள் டிசம்பருக்குப் பிறகு மடுவத்தில் இருக்க முடியாது. இருக்க முடியாதென்றால் மறுபடி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டும். அவள் ஹட்டனில் மாதா கோயில் மண்டபத்தில் நடந்த ஞாயிறு வகுப்பில் சேர்ந்தாள். போசாக்குப் பாடத்திலும் பிள்ளை உளவியலிலும் தேறினாள். மொழிப் பாடம் மட்டும் மிஞ்சியது. அதற்கு ஒரு நாவலைப் படித்து வாதக் கட்டுரை எழுத வேண்டும்.

நாவல் வேற்று மொழியிலிருந்து வந்தது. இனி வரப்போகும் காலத்தில் ஒரு நாடு. அங்கே பிறந்த பத்தாம் நாள் பிள்ளைகளைத் தாயிடமிருந்து வாங்கிப் பொது இல்லத்தில் வைத்துவிடுவார்கள். தாய்மார் உப்பளத்துக்குப் போவார்கள். ஒருத்தி மட்டும் இருநூறு பிள்ளைகளில் தன் பிள்ளை எது என்று தேடுகிறாள். கேள்வி இப்படி இருந்தது: ‘இந்நாவலில் அச்சம் தருவது பிள்ளைகள் பொதுவில் வளர்க்கப்படுவதே. உடன்பட்டோ மறுத்தோ வாதிடுக.’

மரியநாயகி மறுத்தாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அந்த இருநூறு பிள்ளைகளுக்கும் யார் பீத்துணி அலசினார்கள் என்று நாவல் முழுவதும் தேடினாள். ஓரிடத்தில் ‘சாம்பல் உடுப்புப் பெண்கள்’ என்று இருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரையை ஜொய்சி டீச்சர் திருப்பித் தந்தார். டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

“அக்கா, இது கட்டுரை இல்லீங்க. பெட்டிஷன்.”

அது உண்மைதான். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டும் கூரைத் தகரம் கேட்டும் தோட்டத் துரைக்குப் போகும் மனுக்களை அவள்தான் எழுதுவாள். ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று கை தானாகத் தொடங்கியிருந்தது. முடிவில் ‘தயவுடன் கவனத்தில் எடுக்குமாறு’ வேறு கேட்டிருந்தாள்.

டீச்சருக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று தெரிந்தது. கட்டுரையில் எதிர்ப்பக்கம் இல்லை. மற்றவர் என்ன சொல்வார் என்பதை அவர் சொல்வதைவிட நன்றாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகு பதில் எழுத வேண்டும்.

“அவுங்க பக்கத்த நாமளே எடுத்துக் குடுத்தா, அதையே புடிச்சுக்கிட்டு இல்லன்னுடுவாங்களே டீச்சர்” என்றாள் மரியநாயகி.

“தொரை இத வாசிக்கப் போறதில்லக்கா. நான்தான் வாசிப்பேன்.”

இரண்டு வாரம் கிடைத்தது. இதிலும் தவறினால் அடுத்த தவணை மார்ச்சில்.

வீட்டில் கணவன் சூசைரட்ணத்திடம் சொன்னாள். அவன் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை செய்கிறான்.

“எதிர்ப்பக்கம் வேணும்னா நான் இருக்கேனே, இருவது வருசமா” என்றான். பிறகு, இல்லாத ஊரைப் பற்றி இருக்கிற ஆட்கள் எதற்குச் சண்டை போட வேண்டும் என்று கேட்டான். அவள் நாவலை எடுத்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பால் கொடுக்க நான்கு பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்திருந்தது. அதை அவிழ்த்துக் கம்பியில் போட்டுவிட்டு, பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்தார்கள். மரியநாயகி நாவலின் கதையைச் சொன்னாள். பத்து நிமிடம் பால், ஐந்து நிமிடம் கதை. அடுத்த நாள் மீதியைக் கேட்டார்கள். புதன்கிழமை, பால்குடி மறந்த பிள்ளையின் தாய் ஒருத்தியும் கூட வந்துவிட்டாள். கங்காணி வாசலில் வந்து நின்று சத்தம் போட்டுப் போனான்.

உப்பளத்தில் அரைநாளுக்குப் பேர் போட்டுக் கூலி கொடுப்பார்களா என்று ஒருத்தி கேட்டாள். புருஷன்மார் எல்லாம் எங்கே போய்விட்டார்கள் என்று இன்னொருத்தி கேட்டாள். புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை என்றதும், அப்படியானால் நல்ல ஊர்தான் என்று சிரித்தார்கள்.

நாகலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மகள் பூரணிக்கு ஒரு வயது முடிந்து இரண்டு மாதம். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவள் படங்கைக் கட்டாமல் நின்றாள்.

“ஞாயித்துக்கெழம பகல்ல இது எங்கிட்டத் தூங்கவே மாட்டேங்குதுக்கா. ஆட்டுறேன், பாடுறேன், தோள்ல போட்டுக்கிட்டு நடக்குறேன். கண்ண முழிச்சுக்கிட்டே அழுவுது. திங்கக்கெழம இங்க கொண்டாந்து விட்டா ஒரு நொடியில தூங்கிருது.”

மரியநாயகி தொட்டில் துணியைச் சரிசெய்தாள்.

“ஒங்க மேல குத்தம் சொல்லலக்கா. ஆனா கத எழுதுனவரு சொல்றது சரிதான். எம்புள்ள எங்கிட்ட இல்ல.”

அவள் போய்விட்டாள். தூங்கியிருந்த பூரணியைப் பார்த்தபோது மரியநாயகிக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. சிறிய பெருமை. அது வந்ததை அவள் கவனித்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எதிர்ப்பக்கத்தை எழுதினாள். ‘நாகலெட்சுமி என்ற தாய் கூறுகிறாள்’ என்று தொடங்கியது. ஒரு சொல்லையும் அடிக்காமல் ஒரு பக்கம் முடிந்தது. அதற்குக் கீழே தன் பக்கத்தை எழுத வேண்டும். பிள்ளைகள் சுத்தமாக இருக்கிறார்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினாள். நாகலெட்சுமி அதைக் கேட்கவில்லையே என்று பட்டது. அடித்தாள். நான் அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினாள். அது நாகலெட்சுமியின் பக்கத்துக்குத்தான் பலம். அதையும் அடித்தாள். அந்தப் பத்தியையே எடுத்துவிடலாமா என்று சனிக்கிழமை வரை யோசித்தாள். எடுத்தால் மறுபடி பெட்டிஷன். வைத்தால் தோற்ற கட்டுரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. பூசை முடிந்து வந்தவள் மதியம் பூரணி தூங்காததைத் தானே பார்க்க, நாகலெட்சுமி இருக்கும் மேல் லயத்துக்கு நடந்தாள். பூரணி அழும் சத்தம் தண்ணீர்த் தொட்டியருகிலேயே கேட்டது. நாகலெட்சுமி வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மரியநாயகியைக் கண்டதும் முகம் கொஞ்சம் இறுகியது. எதற்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எடுங்க. நீங்களே தூங்க வையுங்க” என்று நீட்டினாள்.

மரியநாயகி வாங்கி மடியில் கிடத்தினாள். மடுவத்தில் செய்வதுபோலவே வலது காலை ஆட்டினாள். நெற்றியில் இரண்டு விரலால் தடவினாள். எப்போதும் பாடும் பாட்டைப் பாடினாள். பூரணி அவள் முகத்தைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. சிரித்தாள். மறுபடி அழுதாள். கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. முழங்கால் வலித்தது. பிள்ளை தூங்கவில்லை.

நாகலெட்சுமி எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்களுக்குந் தூங்க மாட்டேங்குது.”

“தூங்க மாட்டேங்குது.”

“நெசமாவா ஆட்டுறீங்க?”

“வேற எப்படி ஆட்டுறது? நீயே பாக்குறியே.”

நாகலெட்சுமி சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மரியநாயகிக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து மூன்று பிள்ளைகள், சத்தம் கேட்டு வந்து வாசலில் எட்டிப் பார்த்தன. மூன்றும் மடுவத்துப் பிள்ளைகள். உள்ளே வந்து பூரணியின் காலைப் பிடித்து இழுத்தன. ஒரு டப்பாவுக்குச் சண்டை போட்டன. ஒன்று பாயில் குப்புற விழுந்து அங்கேயே கிடந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பூரணி தூங்கிப்போனாள்.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னதைக் கட்டுரையில் எதிர்ப்பக்கமாக எழுதியிருப்பதாக மரியநாயகி சொன்னாள். நாகலெட்சுமி எழுந்து தேத்தண்ணி ஊற்றினாள்.

திங்கட்கிழமை மதியம் மரியநாயகி தன் பக்கத்தை எழுதினாள். நாகலெட்சுமியின் பிள்ளை தாயை விட்டுவிட்டு மடுவத்தில் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவிடம் போய்விடவில்லை. ஆயம்மா மடியிலும் அது தூங்கவில்லை. அது மற்றப் பிள்ளைகளைத் தேடியது. நாவலில் இருநூறு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையோடு பேசுவதாக ஒரு வரி இல்லை. அப்படி ஒரு வீடு எங்கும் இருக்க முடியாது. ஆகவே அச்சம் தருவது பொதுவில் வளர்வது அல்ல. பத்து மணிக்குக் கதவைத் திறந்து ஒரு தாயும் உள்ளே வராததுதான். கடைசி வரியாக, பத்து மணிக்கு வரும் தாய்க்குப் பதினைந்து நிமிடம் போதாது என்று எழுதினாள். அது மனுவைப்போல இருந்தது. விட்டுவிட்டாள்.

ஞாயிறன்று ஜொய்சி டீச்சர் சொற்களை எண்ணினார். எண்ணூறுதான் கேட்டிருந்தார்கள். நூற்றுச் சொச்சம் கூடிவிட்டது. எதிர்ப்பக்கம் நீளம், அதைக் குறைக்கலாம் என்றார். மரியநாயகி மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து தன் பக்கத்தில் வெட்டினாள். பிள்ளைகளின் சுத்தத்தைப் பற்றி மறுபடி நுழைந்திருந்த சில வரிகள் போயின. நாவலாசிரியருக்குச் சொன்ன ஒரு புத்திமதியும் போனது.

மூன்று வாரம் கழித்துப் புள்ளி வந்தது. ஐம்பத்தாறு. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. டிசம்பர் இருபதாம் திகதி மடுவத்துப் பொறுப்பில் தொடரலாம் என்று கடிதம் கொடுத்தார்கள்.

திருத்திய கட்டுரையை அவள் மடுவத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். பத்து மணிக்கு வந்த நாகலெட்சுமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“எம் பக்கத்துக்கு டீச்சர் என்ன போட்டாங்க?”

மரியநாயகி அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று இருந்தது.

“ஒங்க பக்கத்துக்கு?”

“ஒரு கேள்விக்குறி போட்டிருக்காங்க.”

நாகலெட்சுமி அதை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். பரவாயில்லை அக்கா, பாஸ் பண்ணியாச்சு இல்லையா என்றாள். பூரணி பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தாளைப் பிடித்து இழுத்தாள்.